இரண்டு பெட்டிகளும் ஓர் இரைச்சலும்

மின்விசிறியை நிறுத்தியாயிற்று, தெருப்பக்கத்து ஜன்னல்களைச் சாத்தியாயிற்று, கொஞ்ச நேரம் மூச்சுவிடாமல் கிட என்று ஃபிரிட்ஜின் பிளக்கைக்கூடப் பிடுங்கியாயிற்று, இனி கேட்க வேண்டியதுதான் பாக்கி என்று மருதாசலம் சோபாவில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில், கேட்காமலே படுத்துவிட்டால் என்ன என்றும் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு வயிற்றில் அசையாமல் கிடந்தது. கழுத்தில் வியர்வை. எதிரே மேசைமேல் இரண்டு பெட்டிகள், ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல், இரண்டும் பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளை மாதிரி வாயைத் திறக்காமல் இருந்தன. இரண்டில் ஒன்றைத் தாமஸ் சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஆர்.எஸ்.புரத்தில் ரெக்கார்டு பிளேயர் கடை வைத்திருக்கிற தாமஸ் நல்ல பையன்தான், நாற்பது வயதானவனைப் பையன் என்று சொல்வதும் ஒரு கிழட்டுப் பழக்கம், வீட்டுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டு, ‘நிதானமாக் கேளுங்க சார், எது பிடிக்குதோ அதை வெச்சுக்கங்க, மத்ததை நான் எடுத்துக்கறேன்’ என்றான். நிதானமாகக் கேட்டார். கேட்டுக் கேட்டு அலுத்தார். இரண்டில் எது நல்லது என்பதல்ல இப்போது கேள்வி. இரண்டிலும் அது கேட்கிறதே, அதுதான் கேள்வி. அதை எப்படிச் சொல்வது, ஈ என்று சொன்னால் ஈ பறக்கிற மாதிரி ஆகிவிடும், அப்படியில்லை, குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு ஒரு மெல்லிய சத்தம் வருமே, அது. விசிலாகவும் ஆகாது, அடங்கவும் அடங்காது. பாட்டு ஓங்கி வரும்போது ஒளிந்துகொள்ளும். வீணைக்காரர் ஒரு ஸ்வரத்தை மீட்டி, அது தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகிற இடத்தில், எந்த இடத்துக்காக மனுஷன் இத்தனை வாங்கிப் போட்டாரோ அந்த இடத்தில், அது வந்து நின்றுகொள்ளும். மருதாசலத்துக்கு அந்த இடத்தில் அழுகை வருகிறது, சொன்னால் சிரிப்பார்கள்.

எல்லாம் ரெக்கார்டு பிளேயரின் ஊசித் தலைக்கு அந்தப் புது கார்ட்ரிட்ஜ் வந்த பிறகுதான். நூல் மில்லிலிருந்து ஓய்வு பெற்றதும் தனக்குத் தானே செய்துகொண்ட மரியாதை அது, மற்றவர்கள் காசிக்குப் போனார்கள், இவர் மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் வாங்கினார். ஊசிக்குப் பின்னால் தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சுற்றி ஒரு குட்டிக் காயில் வைத்திருக்கிறான், ஊசி இசைத்தட்டின் பள்ளத்தில் ஆட ஆட அந்தக் காயில் காந்தத்துக்கு நடுவே ஆடும், அதில் பிறக்கிற மின்சாரம் எவ்வளவு என்று கேட்டதற்கு, ‘எறும்பு தும்முன மாதிரி சார்’ என்றான் தாமஸ். எறும்பின் தும்மலை ஊருக்குக் கேட்கும்படி பெருக்க வேண்டும், அதற்குத்தான் இந்தப் பெட்டிகள். கறுப்புப் பெட்டி டிரான்சிஸ்டர் ஆம்ப், மின்சாரத்தைக் குடித்துப் பெருக்கிக் கொடுக்கும். சாம்பல் பெட்டி வெறும் இரும்பும் செம்புக் கம்பியும் சேர்ந்த டிரான்ஸ்ஃபார்மர், கரண்ட்டே வேண்டாம், வாங்கியதைப் பெரிதாக்கிப் பழைய ஆம்பிடம் தள்ளிவிட்டு அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். கறுப்பில் அந்த ஈ கேட்டதும் தாமஸுக்குப் போன் போட்டார். அவ்வளவு பெருக்கினால் டிரான்சிஸ்டரும் கொஞ்சம் இரையும் சார் என்று சொல்லித்தான் சாம்பலைக் கொண்டுவந்தான். ‘இதுல அடிக்குரல்ல உறுமல் வேணா வரலாம் சார், எர்த் வயரைச் சரியாக் குடுத்தா அதுவும் போயிரும். ஆனா அந்த மேல்சத்தம் வரவே வராது. வர்றதுக்கு உள்ள ஆளே இல்ல.’ வந்தது. அதே ஈ. அதே உயரத்தில், அதே மெலிவில், வீடு மாறியும் விடாமல் கூடவே வந்த கடன்காரன் மாதிரி அதே முகத்தோடு வந்தது. அன்றைக்கு மருதாசலம் தாமஸுக்குப் போன் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று அன்றைக்கு யோசிக்கவும் இல்லை. சரி, கேபிளாக இருக்கும் என்று கேபிளை மாற்றினார். வீட்டு எர்த் சரியில்லை என்று எலெக்ட்ரீஷியனை வரவழைத்தார், அவன் மொட்டை மாடி வரைக்கும் ஏறி இறங்கி எல்லாம் சரியாகத்தான் இருக்குது என்றான், சரியாக இருக்கிறது என்று கேட்டு இவருக்குக் கோபம் வந்தது. உலகத்தில் எந்த மனுஷனாவது வயரிங் சரியாக இருக்கிறதென்று கோபப்படுவானா. அவனுக்கு ஒரு மாதிரியாகப் போய்விட்டது, காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

வீணைத் தட்டைப் போட்டார். இப்போது கறுப்பு. ஊசி இறங்குகிற அந்தச் சின்னத் தடுக்கல், பிறகு தட்டின் சொரசொரப்பு, பிறகு முதல் மீட்டு. மருதாசலம் கண்ணை மூடினார். காதால் பார்க்கிறவர் அவர், மில்லில் அப்படித்தான் சொல்வார்கள், நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் கூடத்தில் ஆயிரம் கதிர் சுழன்று ஓடுகிற இரைச்சலுக்குள் இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துபோவார், ஓர் இடத்தில் நிற்பார், குனிவார், இந்தக் கதிர்தான் என்று விரலை நீட்டுவார், பிரித்துப் பார்த்தால் பேரிங் தேய்ந்திருக்கும். மானேஜர் வெளியாட்கள் வந்தால் இவரைக் கூப்பிட்டு வித்தை காட்டச் சொல்வார். காதுக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லி மஞ்சள் அடைப்பான் கொடுத்தார்கள், போட்டால் கதிரின் பேச்சு எப்படிக் கேட்கும், சட்டைப் பையிலேயே வைத்திருந்து துவைக்கப் போட்டுவிடுவார், சுலோசனா சோப்புத் தண்ணீரிலிருந்து பொறுக்கி எடுத்து வெயிலில் காய வைப்பாள். அவளும் அதே மில்லில் நூலைக் கூம்பில் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் இருந்தவள்தான், சின்னவன் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் வேலைக்கு வந்தாள். கூடத்துக்குள் வாயால் பேசிப் பயனில்லை, எல்லாம் கைதான். வயிற்றைத் தட்டினால் சாப்பிடப் போகலாமா, இரண்டு விரலை உதட்டில் வைத்தால் டீ, நெற்றியில் கோடு இழுத்தால் மேலதிகாரி வருகிறார். வீட்டுக்கு வந்தும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தார்கள், விருந்தாளிகள் முன்னால் வயிற்றைத் தட்டிக் காட்டிவிட்டு இரண்டு பேரும் அசடு வழிந்ததுண்டு. ஸ்வரம் தேய்ந்தது. தேய்ந்து, தேய்ந்து, வந்துவிட்டது. அதே ஈ. மருதாசலம் கண்ணைத் திறந்தார். இதுதான் அந்தக் கதிர் என்று விரலை எந்தப் பக்கம் நீட்டுவது. இடது ஸ்பீக்கரா, வலதா, நடுவா. பக்கமே இல்லாமல் ஒரு சத்தம் எப்படி இருக்க முடியும், எந்தச் சத்தத்துக்கும் ஒரு திசை உண்டு, இந்தச் சனியனுக்கு மட்டும் இல்லை. தலையை இடது பக்கம் திருப்பினால் அதுவும் திரும்புகிறது. இதை நேற்றே கவனித்தார். கவனித்துவிட்டு, எழுந்து போய்ப் பல் தேய்த்துவிட்டுப் படுத்துக்கொண்டார், வேறென்ன செய்வது.

சாம்பலுக்கு மாற்ற வேண்டும். எழுந்து, முட்டியில் கையை ஊன்றி, கறுப்பின் வயரைப் பிடுங்கிச் சாம்பலில் செருகி, எர்த் கம்பியைத் திருகாணியில் சுற்றி, இதற்குள்ளேயே ஒரு நாள் வேலை செய்த அலுப்பு. சமையற்கட்டு வாசலில் சுலோசனா முறத்தில் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். மின்விசிறி நின்றதும் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது இவர் கண்ணில் பட்டது, படாததுபோல் இருந்துவிட்டார். பெட்டி மாற்றும்போதெல்லாம் அவளைக் கூப்பிட்டு, முதலில் கேட்டது நல்லா இருக்குதா, இப்போது கேட்பது நல்லா இருக்குதா என்று விசாரிப்பது வழக்கம். அவள் எப்போதும் இரண்டாவதுதான் என்பாள். ஆரம்பத்தில் ஒருமுறை முதலாவது என்று சொல்லிவிட்டு, இவர் அதற்கும் இதற்கும் மாற்றி மாற்றிப் போட்டுப் புரியவைத்துக் கடைசியில் இரண்டாவது என்று சொல்லவைத்த நாளிலிருந்து, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்த பெண்பிள்ளை வேறென்ன சொல்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற சிநேகிதர்களும் அப்படித்தான். இவர் நல்லா இருக்குதில்ல என்றால் அவர்களுக்கும் நல்லா இருக்கும். நாலு வாரமாக யாரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார், பெயின்ட் அடிக்கிறார்கள் என்று ஒரு பொய், ஒரு டப்பா பெயின்ட்டுக்குக்கூட வழியில்லாத பொய். வந்தால் அவர்களிடம் கேட்க வேண்டியிருக்கும், இந்த ஈ உங்களுக்குக் கேட்கிறதா என்று. கேட்டால் அவர்கள் ஏதாவது சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டால் பிறகு என்ன இருக்கிறது. அந்தச் சிநேகிதர்களில் ஒருவனான ரங்கசாமியைக் காது டாக்டர் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்றாராம். கையைத் தூக்கவே வேலை வரவில்லை என்று வெளியே வந்து சொன்னான் அவன். அதற்கப்புறம் காதில் மெஷினோடு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான், தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற மாதிரி இருக்குது மருது என்று சொல்லிவிட்டுப் போனவன் பிறகு வரவேயில்லை, பேத்தியின் கல்யாணத்துக்கும் பத்திரிகையைத் தபாலில்தான் அனுப்பினான்.

டெலிபோன் அடித்தது. தாமஸ்தான்.

“சார், இன்னொரு வீட்ல சோலி முடிச்சுட்டு அப்படியே வந்துர்றேன். எதுன்னு முடிவு பண்ணீட்டீங்களா?”

“பண்ணீட்டே இருக்கறேன்.”

“டிரான்ஸ்ஃபார்மர்தான சார்? அந்த இரைச்சல் போயிருச்சில்ல?”

“ம்.”

“நான் சொன்னனே. என் கடைல அந்தக் கறுப்புலயே எனக்கு அது கேக்கல சார், உங்க காதுக்கு மட்டும்தான் கேட்டுருக்குது. உங்க காதே காது.”

போனை வைத்துவிட்டு மருதாசலம் அப்படியே நின்றார். உங்க காதுக்கு மட்டும்தான். பாராட்டித்தான் சொன்னான், பாவி, தேனில் தோய்த்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். சரி, இப்போது ஒழுங்காக யோசிப்போம், மில்லில் ஒரு ஃப்ரேம் தகராறு செய்தால் எப்படி யோசிப்பாரோ அப்படி. பெட்டி இரண்டு, இரண்டிலும் சத்தம், எனவே பெட்டியில் இல்லை. கேபிள் மாற்றியாயிற்று. எர்த் பார்த்தாயிற்று. மிச்சம் என்ன. மிச்சம் இருப்பதைப் பார்க்க ஒரே ஒரு வேலை செய்தால் போதும், எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து கேட்க வேண்டும், முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம், பயிற்சிக்கு வந்த எந்த ஆளும் முதலில் அதைத்தான் செய்வான். மருதாசலம் செய்யவில்லை. பாட்டு முடிந்ததும் மின்விசிறியைப் போட்டுவிட்டுத்தான் ஆம்பை அணைப்பார், அவளுக்கு வியர்க்கிறதே என்று தனக்குத் தானே ஒரு காரணம் வைத்திருந்தார். கேட்பதற்காக மின்விசிறியை நிறுத்துவார், கேட்டு முடித்ததும் போடுவார், மற்றபடி அது ராத்திரி பகலாகத் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படியென்றால் அவர் வீடு அமைதியாக இருக்கிற நேரமே ஆம்ப் ஓடுகிற நேரம்தான். இதை எப்படி இத்தனை நாள் பார்க்காமல் இருந்தார். பார்க்காமல் இல்லை. பார்த்த இடத்தில் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்திருந்தார், அவ்வளவுதான். காது போனால் என்ன போகும் என்று யாராவது கேட்டால் சிரிப்பு வரும், அறுபது வயதுக்குமேல் எல்லாம்தான் போகிறது, பல் போகிறது, முட்டி போகிறது, ஆனால் மருதாசலம் என்று ஒருவன் இருந்ததே அந்தக் காது ஒன்றுதான். படிப்பு கிடையாது. நிலம் நீச்சு தம்பிக்குப் போயிற்று. பிள்ளைகள் அவள் வளர்த்த பிள்ளைகள். காது மட்டும் இவருடையது. பயமாக இருக்கிறது, பச்சையாகச் சொன்னால் அதுதான், சின்னப் பிள்ளை மாதிரிப் பயமாக இருக்கிறது.

சுவரில் இருந்த ஸ்விட்சைத் தட்டினார். ஆம்பின் விளக்கு அணைந்தது. போதாது என்று பிளக்கையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். டர்ன்டேபிள் தயங்கித் தயங்கி நின்றது. தெருவில் ஒரு ஸ்கூட்டர் போயிற்று, போய் முடிந்தது. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரத்தை வைத்தார்கள். பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் ஈ என்று அது நின்றுகொண்டிருந்தது. எந்தப் பெட்டியும் இல்லாமல், எவனுடைய தயவும் இல்லாமல், இதுவரை கேட்டதைவிடத் தெளிவாக, யாரும் பெருக்காமலே பெரிதாக. மருதாசலம் பிளக்கோடு சோபாவில் உட்கார்ந்தார். வந்தது கோபமில்லை, அழுகையில்லை, அயர்ச்சிதான், ரொம்ப தூரம் நடந்து வந்தவனிடம் நீ வந்தது வேறு ஊர் என்று சொன்ன மாதிரி ஓர் அயர்ச்சி. ஆனால் மனசு சும்மா விடுமா. பக்கத்து வீட்டு மோட்டாராக இருக்கலாமே. மாடியில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, அது இரையாதா. தெருமுனையில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை லோடு அதிகம். இருக்கலாம், ஏன் இருக்கக்கூடாது. இன்னொரு காது வேண்டும். இந்த நிமிஷத்தில் வீட்டில் இருப்பது ஒரே ஓர் இன்னொரு காது.

“ஏம்புள்ள, இங்க வா.”

“கை பூராக் கீரையா இருக்குதுங்க.”

“பரவால்ல, அப்படியே வா.”

வந்து நின்றாள். புடவையில் இரண்டு முருங்கை இலை ஒட்டியிருந்தது. இவர் வாயைத் திறப்பதற்குள், “ரெண்டாவதுதானுங்க நல்லா இருக்குது” என்றாள்.

“பாட்டே போடல. எதுவும் ஓடல. பாரு, பிளக்கு என் கையில இருக்குது. நீ சும்மா நின்னு கேளு. எதாவது கேக்குதா?”

சுலோசனா நின்றாள். தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டாள். அவள் முகத்தை மருதாசலம் பார்த்துக்கொண்டிருந்தார், முன்பு ஃப்ரேமின் கதிர்களை மட்டும்தான் அப்படிப் பார்த்திருப்பார். இல்லை என்று சொல்லிவிடுவாள். சொல்லட்டும். சொல்லிவிட்டால் முடிந்தது, தாமஸ் வந்து இரண்டையும் தூக்கிக்கொண்டு போகட்டும்.

“என்னன்னு கேக்கச் சொல்றீங்க?”

“சத்தம். மெல்லிசா. ஈன்னு ஒண்ணு, விடாம.”

“ஓ, அதுங்களா” என்றாள். “அது கேக்குதுங்க.”

மருதாசலத்துக்கு மூச்சு திரும்பிவந்தது. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, சிரித்துவிடலாம் போல இருந்தது. வீட்டில்தான் இருக்கிறது, சுவரில் இருக்கிறது, இன்வெர்ட்டரேதான், அந்த எலெக்ட்ரீஷியன் எதற்கும் லாயக்கில்லாதவன். “எந்தப் பக்கமிருந்து வருது? மாடியா? தெருவா? கையைக் காட்டு” என்று எழுந்தே விட்டார்.

அவளுக்குப் புரியவில்லை. “எந்தப் பக்கமும் இல்லீங்களே” என்றாள். “அது எப்பவும் இருக்கறதுதானே. கோன் வைண்டிங்ல இருக்கறப்பவே வந்துருச்சுங்க. பெரியவன் அப்ப நடக்கவே ஆரம்பிக்கல. மொதல்ல ராத்திரிக்கு மட்டும் கேக்கும். அப்பறம் எப்பவும். சத்தமே இல்லாட்டி அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன். ஏனுங்க, உங்களுக்கு இத்தன நாளாக் கேக்கலியா?”

பெரியவனுக்கு இப்போது தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. அத்தனை வருஷமும் இவள் அதோடுதான் சமைத்தாள், அதோடுதான் படுத்தாள், முதலாவதா இரண்டாவதா என்று இவர் கூப்பிட்டபோதெல்லாம் அதற்கு மேல்தான் கேட்டுப் பதில் சொன்னாள். ஆயிரம் கதிருக்குள் தேய்ந்த ஒன்றைக் கண்டுபிடிக்கிற காது, ஒரே பாயில் இவள் பக்கத்தில் படுத்திருந்தும் இதை அறியவில்லை. தன் காதைப் பற்றிய பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

“இப்படி உக்காரு” என்றார்.

“கீரை வாடிப் போயிருமுங்க.”

“போனாப் போகுது, உக்காரு.”

சோபாவின் ஓரத்தில், எந்த நேரமும் எழுந்துவிடுகிறவள் போல் உட்கார்ந்தாள். டெலிபோன் மறுபடி அடித்தது, தாமஸாகத்தான் இருக்கும், இரண்டு பேரும் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

“உனக்கு எப்படிக் கேக்குது? செஞ்சு காட்டு.”

அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. இதையெல்லாமா செய்து காட்டுவார்கள் என்று முந்தானையை இழுத்துக்கொண்டாள். அவர் காத்திருந்தார். கடைசியில் அவள் உதட்டைக் குவித்து, பல்லிடுக்கு வழியாக மெல்ல ஊதினாள், அவருடையதைவிடக் கனமான ஒரு சத்தம், குக்கருடையது இல்லை, நூல் சுற்றுகிற மெஷினுடையது. நிறுத்திவிட்டு, “இது எடது காது” என்றாள். மூச்சை இழுத்துக்கொண்டு இன்னும் சன்னமாக இன்னொன்றை ஊதினாள். “இது சோத்துக்கைப் பக்கம்.”

“மறுபடியும் ஒருக்கா செய்” என்றார் மருதாசலம், அவள் பக்கமாக நகர்ந்து.